கறுப்புப் பைக்குள் தக்காளி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களே. பின்னால் இருக்கிற குட்டிக்கும் கேட்க வேண்டும். தக்காளிக் கள்ளரைப் பிடிக்கப் போன ஒரு பிள்ளையின் கதை சொல்கிறேன்.

கனடாவின் மொன்றியல் நகரில், செயின்ட்-மிஷேல் பக்கம் ஒரு பொதுத் தோட்டம். வீட்டில் நிலம் இல்லாதவர்களுக்கு அங்கே ஆளுக்கொரு பாத்தி. பத்து வயது றொஷினியும் அம்மாவும் ஒன்றில் தக்காளி வைத்திருந்தார்கள். அடுத்த பாத்தியிலும் தக்காளிதான்; அது யோசெப் மாமாவுடையது.

அந்தக் கோடையில், செடியடியில் விழுந்த தக்காளிகள் காணாமல் போகத் தொடங்கின. யோசெப் மாமா முதலில் அணில்களைச் சந்தேகித்தார். பிறகு றொஷினியையே ஒரு மாதிரிப் பார்த்தார். தனக்குத் தக்காளியே பிடிக்காது என்று அவள் சொன்னதையும் அவர் நம்பவில்லை.

ஒரு காலை இருவருமே கண்ணால் கண்டார்கள். இமெல்டா அன்ரி மற்றவர்களின் பாத்திகளில் குனிந்து குனிந்து, விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கறுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவில் ஆற்றங்கரை ஊரொன்றில் தோடம்பழ, அதாவது ஆரஞ்சுத் தோட்டம் செய்துவிட்டு, மகளோடு இருக்க இங்கே புதிதாக வந்து, ஒரு பாத்தியும் எடுத்தவர் அவர்.

"கண்டியோ பிள்ளை? தோட்டக்காரரின்ர சனிக்கிழமைக் கூட்டத்தில சொல்லி, ஆளின்ர பாத்தியைப் பறிக்கிறன்," என்றார் மாமா.

றொஷினிக்கும் கோபந்தான். ஆனாலும் ஒன்று இடித்தது. செடியில் பழுத்துத் தொங்கிய ஒன்றைக்கூட அன்ரி தொடவில்லை. கட்டிய பையையும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல், வெயில் விழும் சுவரோரம் வைத்துவிட்டார். களவெடுத்ததை யாராவது வெயிலில் போடுவார்களா?

அவள் நேரே போனாள். மாமாவும் பின்னால் வந்தார்.

"அன்ரி, எங்கட தக்காளியை ஏன் எடுக்கிறியள்?"

அன்ரி ஒளிக்கவில்லை. அவருடைய ஊரில் ஒருவகை ஈ பழத்துக்குள் முட்டையிடுமாம். விழுந்த பழத்தை விட்டால் புழு மண்ணுக்குள் போய், திரும்ப ஈயாக வருமாம். அதனால் பையில் கட்டி வெயிலில் வைத்துப் புழுவைச் சாகடிப்பார்களாம்.

"அங்க அடுத்த ஆளின்ர மரத்தடியையும் நாங்களே துப்பரவாக்குவம் பிள்ளை. ஒருத்தர் விட்டாலும் ஊர்த் தோட்டமெல்லாம் பழுதாப்போகும்."

மாமா நம்பாமல் ஒரு பையை அவிழ்த்து மூக்கை வைத்தார். அடுத்த கணம் தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினார்.

முகம் கழுவி வந்தபிறகுதான் கதைத்தார். "இஞ்ச அந்த ஈ வந்தாலும் தை மாதக் குளிருக்கு உயிரோட இராது."

அன்ரியின் முகம் வாடியது. "அப்ப உங்கட நல்ல பழங்களையெல்லே நான் பழுதாக்கிப்போட்டன். பாத்தியை விட்டிட்டுப் போறன்."

"மாமா, கூட்டத்தில என்ன சொல்லப் போறியள்?" என்று றொஷினி கேட்டாள்.

மாமா தலையைச் சொறிந்தார். பிறகு தன் செடியிலிருந்து நன்றாகப் பழுத்த தக்காளிகளைப் பறித்து, அன்ரியின் கையில் வைத்தார்.

"கூட்டத்தில ஒண்டும் சொல்லமாட்டன். இதையாவது பையில கட்டாமல் கறி வையுங்கோ."

மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உங்கள் வீட்டு அடுப்பு என்றும் அணையாமல் எரியட்டும், கண்மணிகளே. அயலவர் வந்து போகும் வீடாக அது நிறைந்திருக்கட்டும்.