அறுபத்து நான்காவது வரி

அறுபத்து நான்காவது வரியில் எடை இல்லை.

வேல்விழி தாளை மறுபடியும் பார்த்தாள். அம்மா கடைசிச் சாமானையும் நிறுத்துச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். ஆனால் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

அன்று சனிக்கிழமை. சங்கரன்கோவிலில் வீட்டுச் சாமான்களை வைத்திருக்கும் ஒரு குடோனில் அவள் அம்மா மாரித்தாய் வேலை பார்த்தார். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒவ்வொரு சாமானின் நீளம், அகலம், உயரம், எடை எல்லாவற்றையும் பதிந்துவிட்டால், அதை ரேக்கில் எந்தத் தட்டில் வைக்க வேண்டும், எந்த அட்டைப்பெட்டியில் கட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும்.

மற்ற அளவுகளை அம்மா முந்தின நாளே எடுத்துவிட்டார். எடை மட்டும்தான் பாக்கி. அம்மா நிறுத்துச் சொல்லச் சொல்ல, ஆறாம் வகுப்பு படிக்கும் வேல்விழி வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள்.

கடைசிச் சாமான் ஒரு தென்னை நார் மிதியடி. ‘எழுதாமல் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்’ என்று அம்மா கேட்பாரோ? வேல்விழி மிதியடியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றரைக் கிலோ இருக்கும் போலிருந்தது. 1.500 என்று எழுதிவிட்டாள்.

“முடிஞ்சுதா மக்கா?” என்று கேட்டபடி அம்மா வந்தார்.

“முடிஞ்சுது.”

அம்மா அன்றே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிந்தார். வீட்டுக்கு நடக்கும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது.

“திங்கக்கிழமை காலைல ரேக்குல ஏத்துதாங்க. எல்லாம் சரியா இருந்தா, இனிமே கம்ப்யூட்டர் வேலை எனக்குத்தான்னு மேனேஜர் சித்தீக் அண்ணாச்சி சொல்லிட்டாரு.”

வேல்விழி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். ‘ஒரு மிதியடிதானே’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை இரண்டாவது பீரியட். டீச்சர் திருத்திய கணக்கு நோட்டுகளைப் பிள்ளைகள் உட்காரும் வரிசைப்படி அடுக்கி, முதல் பெஞ்சில் கொடுத்தார். அவரவர் மேலே இருக்கும் நோட்டை எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பின்னால் தள்ள வேண்டும்.

ரிஸானா நோட்டை வீட்டிலேயே மறந்து வைத்திருந்தாள். பேச்சு மும்முரத்தில் அடுத்தவளின் நோட்டை எடுத்துக்கொண்டாள். அந்த அடுத்தவள் தனக்கடுத்தவளின் நோட்டை எடுத்தாள். அப்படியே போய், கடைசி பெஞ்சில் இருந்த கனகலட்சுமிக்கு நோட்டே இல்லை.

“டீச்சர், என் நோட்டு தொலைஞ்சு போச்சு.”

“தொலையல. ரிஸானாவுல இருந்து எல்லாரும் மாத்தி எடுத்திருக்கீங்க.”

வகுப்பே சிரித்தது. வேல்விழி சிரிக்கவில்லை. அவள் கனகலட்சுமியின் காலிக் கைகளையே பார்த்தாள்.

கடைசி ஆளுக்கு நோட்டு இல்லை. ஆனால் தவறு நடந்தது கடைசியில் இல்லை. அப்படியானால் அந்தத் தாளிலும்...

நடுவில் ஏதோ ஒரு எடை விட்டுப்போயிருக்கிறது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒரு வரி மேலே ஏறியிருக்கிறது. இரும்புத் தோசைக்கல் பெட்டிக்கு நேரே 0.900 என்று எழுதியது இப்போது ஞாபகம் வந்தது. அது அடுத்த வரியில் இருந்த பிளாஸ்டிக் சல்லடையின் எடை. லேசான சாமான்கள் மேல்தட்டுக்குப் போகும். மேல்தட்டு மெல்லிய பலகை. அதன் கீழேதான் பேக்கிங் மேசை.

வேல்விழி எழுந்து டீச்சரிடம் ஓடினாள். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். டீச்சர் அம்மாவுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் குடோனில் யாரும் போனை எடுக்க முடியாது.

“குடோன் எங்க இருக்கு?”

“அடுத்த தெரு, டீச்சர்.”

டீச்சர் சொல்ல, பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு நிமிட வழிதான். வேல்விழிக்கு அது முடியாத தூரமாக இருந்தது.

குடோனில் சாமான் ஏற்றும் சண்முகையா மாமா ஏணியில் நின்று தோசைக்கல் பெட்டியை மேல்தட்டில் தள்ளிக்கொண்டிருந்தார். பலகை நடுவில் குழிந்து போயிருந்தது. கீழே பேக்கிங் மேசையில் அங்கே வேலை பார்க்கும் ஆயிஷம்மாள் குனிந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“பெரியம்மா, அங்கன இருந்து வந்துருங்க. மாமா, போதும், ஏத்தாதீங்க.”

ஆயிஷம்மாள் அவள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் எழுந்து வந்தார். சத்தம் கேட்டு அம்மாவும் சித்தீக் அண்ணாச்சியும் வந்தார்கள். வேல்விழி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றரைக் கிலோவையும் சொன்னாள்.

சித்தீக் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் வே, பெட்டி கனமா இருக்குன்னு நீரு யோசிக்கலயா?”

“கனமாத்தான் இருந்துச்சு. கம்ப்யூட்டர் மேலன்னு சொல்லுச்சு, ஏத்துனேன்” என்றார் சண்முகையா.

ஏற்றிய பதினான்கு பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

“மறுபடி அறுபத்து நாலையும் நிறுக்கணுமே. மத்தியானம் லாரி வந்துருமே” என்றார் அம்மா.

வேல்விழி அம்மாவிடமிருந்து எடைத் தாளை வாங்கினாள். “எல்லாம் வேண்டாம்மா. எங்க மாறுச்சுன்னு கண்டுபிடிச்சாப் போதும். முதல்ல நடுவுல முப்பத்திரண்டை நிறுங்க.”

சரியாக இருந்தது. நாற்பத்தெட்டு, தவறு. நாற்பது, சரி. நாற்பத்து நான்கு, தவறு. நாற்பத்திரண்டு, தவறு. நாற்பத்தொன்று, அதுவும் தவறு.

“இங்கனதான். இதுல இருந்துதான் மாறியிருக்கு” என்றாள் வேல்விழி.

அம்மா அந்த வரியை விரலால் தொட்டார். “அப்பத்தான் வெளியே லாரி ஆரன் அடிச்சுது. நான் இதோட எடையைச் சொல்லாம அடுத்ததுக்குப் போயிருப்பேன். என் தப்புதான், அண்ணாச்சி.”

“நான் காலியா இருக்குன்னு சொல்லியிருக்கணும்” என்றாள் வேல்விழி.

சித்தீக் இருவரையும் பார்த்தார். “சரி, கம்ப்யூட்டர்ல நாப்பத்தொண்ணுல இருந்து எல்லா எடையையும் ஒரு வரி கீழ இறக்குங்க, மாரித்தாய். இனிமே பத்து சாமானுக்கு ஒருக்கா சரி பாத்துட்டுப் போங்க. கம்ப்யூட்டர் வேலை இனி உங்களுதுதான.”

அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டார்.

நாற்பத்தொன்றாவது சாமான் ஒரு பாக்கெட் துணி கிளிப். அம்மா அதை மெஷினில் வைத்தார்.

“இருநூத்து நாப்பது கிராம்.”

“இருநூத்து நாப்பது” என்று திருப்பிச் சொல்லிவிட்டு வேல்விழி எழுதினாள்.