கடைசிப் பக்கத்திலிருந்து

“பன்னெண்டு... எட்டு... இருபத்தொம்பது...”

மாதேஸ்வரன் கடகடவென்று ஒப்பித்தான். வினிதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னே என்ன... புத்தகத்தை அவள் இன்னும் திறக்கவே இல்லையே!

ஓசூர் கம்பெனி ஒன்றில் இரண்டு நாள் கண் பரிசோதனை முகாம். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். காலை ஷிப்ட் முனிவேல் விடைகளை வரிசையாக வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். படுபாவி!

“மனப்பாடமா? கடைசிப் பக்கத்துலருந்து சொல்லுங்க பாப்போம்,” என்று புத்தகத்தை விரித்தாள், கண் சோதிக்க வந்திருந்த விருதுநகர்ப் பெண் வினிதா.

அவனுக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன... அப்புறம் அவள் கண்கள். அடேயப்பா, என்ன கண்கள்!

“வுட்டுடுங்க மேடம். வயரிங் இன்ஸ்பெக்டர் வேலை... நாலு வருசமா காத்துக்கினு இருக்கேன்.”

“செவப்பு வயரும் பச்சை வயரும் மாறிப்போச்சுன்னா?”

‘தகுதி இல்லை’ என்று எழுதினாள். அவன் முகம் சுண்டிப்போனது. விருட்டென்று எழுந்தவன், “நான் ஒண்ணும் குருடன் இல்ல. உங்க கண்ணாடியில கீறல் இருக்குது, பாத்துக்கோங்க,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கழற்றிப் பார்த்தாள். மயிரிழைக் கீறல்... இருந்தது!

மறுநாள் கேன்டீனில் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் விடவில்லை. எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“கோபக்கார சாரே, கேளுங்க. வெளிச்சம் கண்ணுக்குள்ள போயி விழித்திரையில விழும். அங்க நிறம் பிடிக்கிற செல்லு மூணு வகை. வெளிச்சத்தைக் குட்டிக்குட்டி மின்சாரமா மாத்தி, நரம்பு வழியா மூளைக்கு அனுப்பும். உங்களுக்கு அதுல ஒரு வகை சோம்பேறி... அம்புட்டுதான். மத்தபடி கழுகுக் கண்ணு. அதையும் எழுதிருக்கேன்.”

மாதேஸ்வரன் திருப்பிய முகத்தை மெல்ல அவள் பக்கம் திருப்பினான்.

அவள் எழுதியது வேலை செய்தது. அடுத்த மாதமே உதிரிபாகங்களில் கீறல் பார்க்கும் பிரிவில் அவன் இன்ஸ்பெக்டர். அன்று சாயங்காலம் நல்ல மழை... அவள் வேலை பார்க்கும் கண் மருத்துவமனை வாசலில் ரோஜாவோடு நின்றான்.

“கடைக்காரம்மா செவப்புன்னு சொல்லுச்சு. நம்பி வாங்கிக்கினு வந்தேன்.”

“செவப்பேதான்.”

மூச்சை இழுத்துக்கொண்டான். “எனக்குச் சொந்த ஊரு வேப்பனப்பள்ளி, ரெண்டு ஏக்கரு மாந்தோப்பு, கெட்ட பழக்கம் ஒண்ணுமில்ல...”

“இதுவும் மனப்பாடமா? கடைசிப் பக்கத்துலருந்து சொல்லுங்க!”

திகைத்துப்போனான். காது சூடானது. ஐயோ... கடைசி வரி!

“என்னிய... கட்டிக்கிறீங்களா?”

மழைத்துளி வழிந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தக் கண்களால் அவனை நேராகப் பார்த்தாள் வினிதா.

“தகுதி உண்டு.”

“மேடம்... அதையும் எழுதிக் குடுத்துடுங்க!”