ரெட்டைப்பழம் பார்த்த வேலை

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த நூர்ஜகான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ரெட்டைப் புள்ளைங்களாம்!" என்று சிரித்தாள். உடனே அவளுக்கு மூச்சு வாங்கியது. "டாக்டரம்மா ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாங்க."

பக்கத்து வீட்டு ராஜாம்பாள் சும்மா இருப்பாளா?

"இப்பல்லாம் எங்க பாரு ரெட்டைதான். நம்ம தெருவுலியே மூணு ஜோடி ஓடிக்கினு இருக்குது. இன்னா நூரு, ஒட்டிக்கினு இருக்கிற வாழைப்பழம் எதுனா துன்னியா? அது துன்னா ரெட்டைதான்!"

ஒன்பது வயது மகள் ஜெபீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரம்ஜானில் அப்படி ஒரு ரெட்டைப்பழத்தை அம்மாவுக்கு ஊட்டிவிட்டதே அவள்தான்! அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அந்தப் பழத்தைக் கொடுத்தது ராணியம்மாள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டில் பழம் விற்பவள். அதுவும் சும்மா கொடுத்தாள். யாராவது சும்மா கொடுப்பார்களா? இதில் என்னமோ இருக்கிறது!

சனிக்கிழமை ஜெபீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ராணியம்மாள் சீப்பைப் பிரித்தாள். ஒரு ரெட்டைப்பழம் வந்தது. அக்கம்பக்கம் பார்த்தாள். சட்டென்று அதைச் சாக்குக்கு அடியில் தள்ளினாள். இன்னொன்று வந்தது. அதுவும் சாக்குக்கு அடியில்!

'ஒளிச்சி வைக்கிறாங்க! அடுத்தது யாருக்கோ?'

மதியம் சாக்கு விலகியது. ராணியம்மாளும் அவள் மகள் சந்திரலேகாவும் அந்தப் பழங்களை உரித்துத் தின்றார்கள்.

ஜெபீனா பாய்ந்து வந்தாள். "அக்கா! இத நீங்களே துன்றீங்களா?"

"பின்ன? வாங்க வர்றவங்க கண்ணுல பட்டா மொத்த சீப்பையும் வேணாம்னு பூடுறாங்க. கல்யாணம் ஆனதுல இருந்து எனக்கு இதான் மத்தியான சாப்பாடு."

"அப்ப சந்திரலேகாவுக்கு ஜோடி எங்க?"

"ஐய! இவ ஒருத்தியே பத்து வாய் பேசறா. ஜோடி வேறயா?"

"போம்மா!" என்று சந்திரலேகா முறைத்தாள்.

இத்தனை வருஷம் தின்றவளுக்கே ஒரு பிள்ளைதான். ஒரே ஒரு பழம் தின்ற அம்மாவுக்கு எப்படி? ஜெபீனாவின் நெஞ்சு லேசானது. ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

"எனக்கு ஏன்க்கா சும்மா குடுத்தீங்க?"

"நோம்பு வெச்சிக்கினு வாடிப்போய் நின்னியே, அதான். இந்தா, இன்னொண்ணு."

வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் சொன்னாள். நூர்ஜகான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருந்த? எங்கம்மாவும் வேலூர் சின்னம்மாவும் ரெட்டைதான்டி. எங்க வழியிலியே அது உண்டு."

"ரெண்டு நானிமாவுமா? ஒருத்தங்க பூசணிக்கா, ஒருத்தங்க முருங்கக்கா!"

"ரெட்டைன்னா ஒரே மூஞ்சியா இருக்கணுமா இன்னா?"

ஜெபீனா பழத்தை உரித்து நடுவில் பிரித்தாள். அம்மாவின் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக நீட்டினாள்.

"ஆளுக்கொண்ணு. சண்ட போடக் கூடாது!"

பழத்தின் சொந்தக்காரர்கள் இன்னும் வந்து சேராததால், இரண்டையும் அவளே தின்றாள்.