ஆற்றில் விழுந்த ஏழு எண்கள்

பேருந்து பாலத்தில் ஏறினால் போதும், வாத்துவின் அப்பா சிலையாகிவிடுவார்.

நிஜ அப்பா அல்ல, கைப்பேசித் திரையில் தெரியும் அப்பா. அதுவரை இரண்டு கைகளாலும் படபடவென்று பேசிக்கொண்டிருப்பவர், ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயுமாக அப்படியே நின்றுவிடுவார். பாலம் தாண்டிய பிறகுதான் அவருக்கு மறுபடி உயிர் வரும்.

"நான் சொன்னது புரிஞ்சுதா?" என்று கைகளாலேயே கேட்பார்.

"பாதி புரிஞ்சுது" என்று வாத்து விரல்களால் பதில் சொல்வாள்.

வாத்துவுக்குப் பத்து வயது. தண்ணீரைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. அதனால் வீட்டில் வைத்த பெயர் அது. புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நீச்சல் குளத்துக்குப் போவாள்.

அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. புத்தகங்களுக்கு அட்டை போடும் கடையில் வேலை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று பேரும் வீட்டில் கைகளால்தான் பேசுவார்கள். வாத்து வாயால் "அம்மா" என்று சொல்வதற்கு முன்பே கையால் "பால்" என்று சொன்னவள்.

நீச்சலுக்கு அவள் தனியாகப் போக வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பேருந்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அப்பாவோடு வீடியோ அழைப்பில் இருக்க வேண்டும். அப்பா பசை தடவிக்கொண்டே ஒரு கண்ணால் அவளைப் பார்த்துக்கொள்வார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் கொட்டாவி வரும்வரை.

அன்று புதன்கிழமை. குளத்தில் இருபது சுற்று நீந்திவிட்டு வந்த வாத்துவுக்கு ஜன்னல் காற்றில் கண் சொக்கியது. பேருந்து பாலத்தில் ஏறியது. கண்களை இறுக மூடி, வாயை ஆவென்று திறந்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

சரியாக அந்த நொடியில் படம் உறைந்தது.

கடையில் இருந்த அப்பா பார்த்தது இதைத்தான்: மகள் கண்ணை மூடிக்கொண்டு வாய் பிளந்து அலறுகிறாள். அதற்குப் பிறகு அசைவே இல்லை.

வாத்து நிறுத்தத்தில் இறங்கியபோது சாலை நடுவில் ஒரு லாரி குறுக்காக நின்றிருந்தது. அதன் முன்னால் அப்பா. கையில் பசைத் தூரிகை. சட்டையெல்லாம் பசை. லாரி டிரைவர் கீழே குதித்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கிறேன்! உனக்கு என்ன காது செவிடா?"

"ஆமா அண்ணா" என்றாள் வாத்து, ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

டிரைவரின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியாம பேசிட்டேன்மா. தப்பா எடுத்துக்காதே" என்றார். அப்பாவின் தோளை அணைத்து, தானே சாலையின் ஓரம்வரை கூட்டிவந்து விட்டார். பசை அவர் சட்டையிலும் ஒட்டிக்கொண்டது.

அன்று மாலை அம்மா சத்தம் போடவில்லை. அதுதான் வாத்துவுக்குப் பயமாக இருந்தது.

"லாரி ரெண்டடி தள்ளி நின்னுச்சு. கடவுள் புண்ணியம், அந்த டிரைவர் புண்ணியம்" என்றாள் அம்மா. "ஆனா தினமும் ரெண்டடி தள்ளியே நிக்கும்னு நாம இருக்க முடியாது கண்ணு. நீச்சல் இப்போ வேண்டாம். ரெண்டு வருஷம் போகட்டும்."

"எனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா. கொட்டாவிதானே விட்டேன்!"

"உனக்கு ஒண்ணும் ஆகல. அப்பாவுக்கு ஆகப் பார்த்துச்சே."

வாத்து எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அம்மா பெருமூச்சு விட்டு, கைப்பேசி நிறுவனத்துக்கு ஒரு புகார் சொன்னாள்.

"மேடம், உங்க அழைப்பு ஒரு தடவைகூட அறுந்துபோகலையே. பதிவுல எல்லாம் பச்சையா இருக்கு" என்றது மறுமுனைக் குரல்.

"பச்சையோ சிவப்போ, ஆள அனுப்பிப் பாருங்க தம்பி. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

சனிக்கிழமை ஒரு வேன் வந்தது. அதிலிருந்து ஓர் அக்கா இறங்கினாள். முதுகில் பை, காதில் பெரிய ஹெட்போன். வேனுக்குள் நான்கு கைப்பேசிகள் வரிசையாகச் சட்டத்தில் மாட்டியிருந்தன. சாலை சாலையாகச் சுற்றி, அழைப்புகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. வாத்து மனதுக்குள் அவளுக்கு "சோதனை அக்கா" என்று பெயர் வைத்தாள்.

வாத்துவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வேன் பாலத்தில் ஏறியது.

"ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." என்று சோதனை அக்கா எண்ணிக்கொண்டே வந்தாள். அக்கரை வரும்போது இருபதைத் தொட்டாள். திரும்பி வரும்போதும் அப்படியே. திரையில் எல்லாம் பச்சை.

"ஒரு எண்கூட விடுபடல பாருங்க" என்றாள். "இக்கரையில மணிக்கூண்டு மேல ஒரு செல்போன் கோபுரம் இருக்கு. அக்கரையில தண்ணித் தொட்டி மேல ஒண்ணு. பாலத்து நடுவுல போன் இந்தக் கோபுரத்த விட்டுட்டு அந்தக் கோபுரத்துக்கு மாறும். அந்த நேரத்துல குரல் அறுந்தா குறை. இங்க அறுந்துபோகல."

படிவத்தில் "குறை இல்லை" என்று எழுதப் பேனாவைத் திறந்தாள்.

வாத்து பேனாவையே பார்த்தாள். அந்த இரண்டு வார்த்தை எழுதப்பட்டால் இரண்டு வருஷம் குளம் இல்லை.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றாள். "எங்க அப்பாகிட்ட நாங்க யாருமே ஹலோ சொல்றதில்லையே."

"அப்படின்னா?"

"நீங்க காதால சோதிக்கிறீங்க. எங்க அப்பாவுக்குக் கண்ணுதான் காது."

சோதனை அக்காவின் பேனா காற்றிலேயே நின்றது.

"அதுக்கு... இந்தப் படிவத்துல இடமே இல்லையே" என்றாள் மெதுவாக. "நான் என்ன பண்ணட்டும் பாப்பா? எனக்குக் கையால பேசத் தெரியாதே."

வாத்து யோசித்தாள். பிறகு தன் ஒரு விரலைக் காட்டினாள். அடுத்து இரண்டு. அடுத்து மூன்று.

"இது தெரியுமா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

"அவ்வளவுதான் அக்கா! நீங்க வாயால எண்ணினீங்க. எங்க அப்பா விரலால எண்ணுவார். நீங்க பார்த்துப் பார்த்து எழுதுங்க. நான் போற அதே பஸ்ல போவோம். ஆனா காதைப் பொத்திக்கணும்."

சோதனை அக்கா சிரித்துவிட்டாள். "ஏழு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். காதைப் பொத்திக்கிட்டு சோதனை பண்ணச் சொன்னது நீதான்."

அம்மா கடைக்குப் போனாள். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். "இன்னிக்கு என்ன தெரிஞ்சாலும் ஓடக் கூடாது" என்று சொல்லி, அவர் சட்டையின் பின்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வாத்துவும் சோதனை அக்காவும் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அக்கா காதுகளில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். நடத்துநர் டிக்கெட் கேட்டு மூன்று முறை கத்த வேண்டியிருந்தது.

"காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வீடியோ பார்க்கிறாங்க! என்னம்மா நடக்குது இங்க?"

"பரீட்சை அண்ணா" என்றாள் வாத்து.

பேருந்து பாலத்தில் ஏறியது. திரையில் அப்பா ஒரு விரலைக் காட்டினார். பிறகு இரண்டு. நொடிக்கு ஓர் எண். பத்தைத் தாண்டினால் இரண்டு கைகளையும் விரித்து மூடி, மறுபடி விரல்கள். சோதனை அக்கா நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். நான்கு, ஐந்து, ஆறு.

அப்பா சிலையானார்.

அக்கா கைப்பேசியை உலுக்கினாள். ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். சிலை அசையவில்லை.

பிறகு சட்டென்று பத்து விரல்களும் விரிந்து மூடி, நான்கு விரல்கள் தெரிந்தன. பதினான்கு.

அக்கா பஞ்சை எடுத்துவிட்டு நோட்டைப் பார்த்தாள். ஆறுக்கு அடுத்து பதினான்கு.

"ஏழுல இருந்து பதிமூணு வரைக்கும் எங்க போச்சு?"

"ஆத்துல விழுந்திருக்கும்" என்றார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நடத்துநர்.

வாத்து சிரித்தாள். சோதனை அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏழு நொடி" என்றாள். "குரல் சின்னப் பொட்டலம். அதுக்கு முதல் மரியாதை கொடுத்து எப்படியாவது தள்ளிவிடுறோம். படம் பெரிய மூட்டை. அது நடுவுல மாட்டிக்கிது. நாங்க அதைப் பார்க்கவே இல்ல."

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஏற வந்தாள். கையில் பெரிய பை வேறு. படியருகே உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் கைகளை நீட்டினாள். குழந்தை கை மாறியது. அந்தப் பெண் குழந்தையை நன்றாக அணைத்துக்கொள்ளும்வரை தாய் தன் பிடியை விடவே இல்லை.

வாத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க கோபுரங்க இப்படி மாத்தக் கூடாதா? அவங்க பிடிச்ச பிறகுதானே இவங்க விட்டாங்க."

சோதனை அக்கா குழந்தையைப் பார்த்தாள். வாத்துவைப் பார்த்தாள். பிறகு படிவத்தை மடியில் வைத்து, கட்டங்களுக்கு வெளியே, வெறும் ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள். "மணிக்கூண்டு கோபுரம் கடைசிவரை பிடித்திருந்து, பலமிழந்த பிறகே விடுகிறது. தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். இடையில் பழைய கோபுரத்துக்கு வந்துவிட்ட படங்களை வீசிவிடாமல் புதியதற்கு அனுப்பிவைக்க வேண்டும். திரும்பி வரும் திசையிலும் இப்படியே."

கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். "இனி விரல் எண்ணிக்கையும் சோதிக்கப்பட வேண்டும்."

இறங்கும்போது அக்கா வாத்துவின் தலையைத் தொட்டாள். "நன்றின்னு கையால எப்படிச் சொல்றது?"

வாத்து சொல்லிக்கொடுத்தாள். அக்கா அதை அவளுக்கே திருப்பிச் சொன்னாள்.

இரண்டு வாரம் ஆனது. அந்த வீட்டில் சாப்பிடும் முன் ஒரு நிமிடம் கண்மூடிக் கும்பிடுவது வழக்கம். எப்போதும் கண் திறக்கும் முதல் ஆள் வாத்துதான். அந்த நாட்களில் அவள் கடைசியாகத் திறந்தாள்.

"இவ்வளவு நேரம் என்னடி கேட்ட? குளமா?" என்றாள் அம்மா.

"அதுவும்தான். அந்த லாரி அண்ணா நல்லா இருக்கணும். சோதனை அக்காவ யாரும் திட்டக் கூடாது. அப்புறம், கோபுரத்துல ஏறி வேலை செய்யறவங்க வழுக்கி விழக் கூடாது."

அம்மா அவளுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சோதனை அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "மாத்தியாச்சு. நாங்க எண்ணிப் பார்த்துட்டோம். இனி நீ பார்த்துச் சொல்லு."

புதன்கிழமை அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு, கடையில் அப்பாவின் பக்கத்தில் நின்றாள். சட்டை மறுபடியும் அவள் பிடியில். அக்கரையில் நீச்சல் முடிந்து வாத்து பேருந்தில் ஏறினாள். அழைத்தாள். திரையில் அப்பா வந்ததும், அவர் புருவங்கள் மேலே ஏறின.

"உன் நீச்சல் கண்ணாடி எங்கே?"

வாத்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், பையைத் துழாவினாள். கண்ணாடி குளத்துக் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

பேருந்து பாலத்தில் ஏறியது. வாத்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவின் கைகள் நிற்கவில்லை. "இது மூணாவது கண்ணாடி! உன் தலை கழுத்துல ஒட்டியிருக்கறதாலதான் அது இன்னும் தொலையல. நாளைக்கு என்னையே எங்கேயாவது மாட்டி வச்சுட்டு வந்துடுவே!" பாலத்தின் நடுப்பகுதி வந்தது. கீழே ஆறு மின்னியது. கைகள் இன்னும் வேகமாகச் சுழன்றன. ஒரு விரல்கூட உறையவில்லை. பின்னால் அம்மா சட்டையை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது புரிஞ்சுதா?" என்று முடித்தார் அப்பா.

"முழுசா" என்றாள் வாத்து. பிறகு, கண்கள் பளபளக்க, "நன்றிப்பா" என்றும் சொன்னாள்.

திட்டு வாங்கியதற்கு நன்றி சொல்லும் பெண்ணை அப்பா அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். பேருந்து அப்போதுதான் பாலத்தைவிட்டு இறங்கியது.