மூன்று சொட்டு எண்ணெய்

அத்தை வீட்டு நடு அறையில் பத்தொன்பது டைப்ரைட்டர்கள் இருந்தன. எல்லாம் பெட்டிக்குள் அடங்கி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் போகக்கூடிய பழைய சின்ன மெஷின்கள். உடைந்ததை, துருப்பிடித்ததை எல்லாம் அத்தை தேடி வாங்கி ஓடவைப்பார். வெளியாருடைய மெஷின்களும் பழுதுக்கு வரும்.

அங்கே ஒரே ஒரு கண்டிப்பு. எழுத்துக் கம்பிகள் செருகியிருக்கும் பள்ளத்தில் எண்ணெய் விடக் கூடாது. ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அத்தையின் அண்ணன் மகளுக்கு இது மனப்பாடம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மருந்துக்கடைக்காரரின் மெஷினில் இரண்டு கம்பிகள் மந்தமாக இருந்தன. அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. அதனால் மாத்திரை உறைகளில் 'சாப்பிட்ட பிறகு', 'சாப்பிடும் முன்' என்று டைப் அடித்துத்தான் கொடுப்பார்.

அத்தை வெளியே போயிருந்தபோது வாயாடி அரை மணி நேரம் தேய்த்துப் பார்த்தாள். கை வலித்தது. தையல் மெஷின் எண்ணெய் பக்கத்திலேயே இருந்தது. மூன்று சொட்டு விட்டாள். கம்பிகள் பறந்தன.

அத்தை வந்து தட்டிப் பார்த்து அசந்துபோனார். தேய்த்தே சரிசெய்ததாக வாயாடி சொன்னாள். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தை அவளைப் புகழ்ந்து தள்ளினார்.

மெஷினை வாங்கிப்போன கடைக்காரர் பத்தாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்தார். மேலே போன கம்பிகள் இறங்கவில்லை. எண்ணெயில் தூசி சேர்ந்து பசையாகியிருந்தது. அத்தை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"எண்ணெய் விட்டீங்களா சார்?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஞாபகம் இல்லையேம்மா. கதவுக் கீலுக்குப் போட்டேன். அந்தக் கையோட இதுக்கும் விட்டுட்டேனோ என்னமோ. என் தப்பாத்தான் இருக்கும்."

வாயாடிக்குக் காது இரண்டும் சுட்டன. மேசைக்கடியில் நுழைந்துகொள்ளலாம் போலிருந்தது. பேசாமல் நின்றால் போதும், பழி அவர் தலையில் விழுந்துவிடும்.

"நான்தான்," என்றாள். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னாள். "நான்தான் விட்டேன் அத்தை. தேய்ச்சேன்னு சொன்னது பொய்."

அத்தை திட்டியிருந்தால் தேவலை. "ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டேனேடி," என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரரிடம் வாயாடி இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, நாற்பத்திரண்டு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தேய்த்தாள். ஐந்து துணிகள் கருத்தன. அத்தை உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்றாள். அந்த இரண்டு நாளும் வாசலுக்கு வந்த எல்லோரிடமும் எண்ணெய் விட்டுக் கெடுத்ததைத் தானே சொன்னாள். குரியர்க்காரருக்கு மட்டும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூன்றாம் நாள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். குனிந்த தலை நிமிரவில்லை. அவர் தாளைச் செருகி வேகமாகத் தட்டினார். கம்பிகள் எழுந்த வேகத்திலேயே இறங்கின.

"இனிமே மக்கர் பண்ணா உன்கிட்டதான் கொண்டு வருவேன்," என்றார்.

"அத்தைகிட்டயே குடுங்க அங்கிள்."

"உங்க அத்தை முதல்ல என்மேலதானே சந்தேகப்பட்டாங்க."

வாயாடி அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சிரித்தபடி மாத்திரை உறை ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்.