சாப்பாட்டு மணிக்கு வருகிறவள்

நர்ஸ் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையிலிருந்தே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. வராந்தாவின் கோடியில் இருந்த சிக் ரூமை ஆயாம்மா திறந்துவிட்டாள். பினாயில் நெடி, ஓதம் ஏறிய சுவர், இரண்டு இரும்புக் கட்டில்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஓடியோடி இடுப்பொடிந்தவளுக்கு இது ஓய்வு மாதிரி தோன்றியது. முட்டியில் சிராய்ப்பு, மூக்கில் ரத்தம், கணக்குப் பரீட்சையன்று மட்டும் அடிக்கும் காய்ச்சல். இதை விட்டால் வேறென்ன வரப்போகிறது?

சாப்பாட்டு மணி அடித்த சூட்டோடு ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். சட்டைக் காலர் பித்தான் பிய்ந்திருந்தது. முதுகில் யாரோ மையைத் தெளித்திருந்தார்கள்.

"வயிறு வலிக்குது சிஸ்டர்."

"சாப்பிட்டியா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

சுவரைப் பார்த்துத் திரும்பி, காலை மடக்கிக்கொண்டு, கட்டிலில் எவ்வளவு குறைவாக இடம் பிடிக்க முடியுமோ அவ்வளவு குறைவாகப் படுத்தாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. நர்ஸ் மருந்தை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் கட்டில் காலி. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதே இந்தப் பெண் என்று சிரித்துக்கொண்டாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். எப்போதும் அதே நேரம், அதே வலி.

நர்ஸுக்குச் சந்தேகம் தட்டியது. வகுப்பு நடக்கும்போது வலிக்காத வயிறு, எல்லாரும் வெளியே வரும்போது மட்டும் ஏன் வலிக்கிறது? இவள் படுக்க வரவில்லை. ஒளிய வருகிறாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "யாரும்மா உன்னை என்ன பண்றாங்க?"

அவள் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு சுவரோடு பேசுவதுபோல ஒரு முணுமுணுப்பு.

"சொன்னா இன்னும் அதிகமாயிடும்."

"நான் பார்த்துக்கறேன்டா."

"முன்னாடி இருந்த சிஸ்டரும் அப்படித்தான் சொன்னாங்க."

நர்ஸ் அவள் நெற்றியில் கை வைத்தாள். கட்டிலின் இரும்பைத் தொட்டதுபோல் சில்லிட்டது.

"யாரு கூட பேசிக்கிட்டிருக்கீங்க சிஸ்டர்?"

வாளியோடு ஆயாம்மா வாசலில் நின்றாள். நர்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கட்டிலைப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

தலையணை மட்டும் குழிந்திருந்தது.

நர்ஸ் நடந்ததைச் சொல்லச் சொல்ல ஆயாம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெஞ்சுல விசில் சத்தம் வந்துச்சா?" என்று கேட்டாள். "அவதான். போன வருஷம் செத்துப்போன புள்ள. பல்லு கொஞ்சம் முன்னால இருக்கும், அதனால எலின்னு கூப்பிடுவாங்க. கிளாஸ் பசங்க போன்ல ஒரு குரூப்பு வச்சிருந்தாங்க, எலிப்பொறின்னு. அவ நடந்தா வீடியோ, தின்னா வீடியோ. எல்லாத்தையும் அதுல போட்டுச் சிரிப்பாங்க. ஒரு நாள் விளையாட்டுச் சாமான் ரூம்ல தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. அவளுக்கு மூச்சிழுப்பு வியாதி இருந்துச்சு. மருந்து கிளாஸ்ல பையில. மணி அடிச்சதும் அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க."

"அப்புறம்?"

"விபத்துன்னு முடிச்சாங்க. அந்தக் குரூப்பை மட்டும் யாரும் கலைக்கல."

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்தது. நர்ஸ் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் வந்தாள். ஆனால் படுக்கவில்லை.

"சிஸ்டர்," என்றாள் மூச்சு வாங்க. "இன்னிக்கு வேற எலி."

சொல்லிவிட்டு ஓடினாள்.

நர்ஸும் ஓடினாள். சாப்பாட்டு இரைச்சலைத் தாண்டி, மாடிப்படிக்கு அடியில் வளைந்து, ரப்பர் பந்தும் நனைந்த பாயும் நாறுகிற இடத்துக்கு. விளையாட்டுச் சாமான் அறையின் மூடிய கதவு முன்னால் நாலைந்து பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்களை விலக்கித் தாழ்ப்பாளை இழுத்தாள்.

மூலையில் ஒரு சின்னப் பெண். உயிருள்ள பெண். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

வேறு யாரும் உள்ளே இல்லை.

நர்ஸ் அவளை வாரி அணைத்துக்கொண்டாள். "பயப்படாதே கண்ணு. தனியாவா இருந்தே?"

"தனியா இல்ல சிஸ்டர். ஒரு அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. மெதுவா மூச்சு விடு, மெதுவா விடுன்னு சொல்லிக் குடுத்தாங்க." குழந்தை விம்மியது. "அவங்களுக்குத்தான் மூச்சே வரல."

அன்று நர்ஸ் தலைமையாசிரியை அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பசங்க விளையாட்டை ஊதிப் பெருசாக்காதீங்க," என்றார் தலைமையாசிரியை.

"விளையாட்டுன்னா உள்ளே இருக்கறவளும் சிரிக்கணும் மேடம்."

விடாப்பிடியாக நின்று பெற்றவர்களை வரவழைத்தாள். போனில் இருந்ததை அவர்கள் முன்னாலேயே ஓடவிடச் செய்தாள். போன வருஷத்துப் பழைய வீடியோவும் அதில் இருந்தது. தன் மகனின் சிரிப்பை அடையாளம் கண்டுகொண்ட ஒரு தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். குரூப் கலைந்தது. சிரித்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, பெற்றவர்களோடு உட்காரவைத்துப் பேசினார்கள். சின்னப் பெண்ணோடு சேர்ந்து சாப்பிட வகுப்பிலேயே இரண்டு பேர் முன்வந்தார்கள். இனி யாரையும் யாரும் பூட்டக் கூடாதென்று, தச்சரை வைத்து அந்த அறையின் கதவை நிலையோடு பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் சாப்பாட்டு மணிக்கு யாரும் சிக் ரூமுக்கு வரவில்லை. நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நர்ஸ் நினைத்தாள்.

ஒரு மத்தியானம் மாடிப்படிப் பக்கம் போனாள். கதவில்லாத வாசல் வழியாக வெளிச்சம் தாராளமாக உள்ளே விழுந்திருந்தது. பாய்கள் காய்ந்துகொண்டிருந்தன.

டொக். டொக்.

பலகையில் விரலை மடக்கித் தட்டுகிற சத்தம். பலகையே இல்லாத இடத்திலிருந்து.

"திறந்துதாம்மா இருக்கு," என்றாள் நர்ஸ். "வா கண்ணு. வெளியே வா."

தட்டல் நிற்கவில்லை.

அவளைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று கையை நீட்டினாள். கை வாசலைத் தாண்டவில்லை. ஒன்றுமே இல்லாத காற்றில், சில்லிட்ட மரத்தில் முட்டி நின்றது.

அவளுடைய உள்ளங்கைக்கு நேர் எதிரே, அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.