ஊமையர் கோட்டை

“அண்ணி, வர்றதுன்னா இப்பவே வாங்க. தேன் படகு கிளம்பிடும்” என்றான் மிலோஸ்.

டோப்ரா ஏறிக்கொண்டாள். எல்பே ஆற்றின் அக்கரையில் மரமும் மண்ணுமாய் நின்றது கோட்டை. ஆயிரம் வருடங்களுக்கு முன், ஜெர்மானிய அரசன் அங்கே ‘மார்க்’ என்ற எல்லை நாட்டை அமைத்திருந்த காலம். அதை ஆண்ட கோமானுக்கு இக்கரை ஸ்லாவியர்கள் தேனாகக் கப்பம் கட்டினார்கள். கட்டத் தவறிய வருடம் ஆட்களைப் பிடித்துப் போனான். அப்படி மண் சுமக்கப் போனவன்தான் டோப்ராவின் கணவன் பிரிபோர்.

மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. படுக்கையில் அவன் இடத்தை அவள் காலியாகவே வைத்திருந்தாள். தூக்கத்தில்கூட அந்தப் பக்கம் புரண்டதில்லை.

அப்போதுதான் உப்பு வியாபாரி ஒருவன் வந்தான். “உன் புருஷனைப் பார்த்தேம்மா. ஊமையாயிட்டான்.”

ஸ்லாவியர் பேச்சில் ஜெர்மானியனுக்குப் பெயரே ஊமைதான். நம் மொழி பேசத் தெரியாதவன் வேறென்ன? ஆக, பிரிபோர் அந்தக் கட்சிக்குப் போய்விட்டான்! அவர்கள் சாமி, அவர்கள் சட்டை, ஒருவேளை அவர்கள் வீட்டுப் பெண்ணும்கூட. மறந்துவிடு என்றது ஊர்.

“அதை அவரு வாயால சொல்லட்டும்” என்று புறப்பட்டுவிட்டாள் டோப்ரா. துணைக்குப் பிரிபோரின் தம்பி மிலோஸும் படகுக்காரன் ராடோவும்.

“வாசல்ல எண்ணுவாங்க. போற தலை எத்தனையோ அத்தனைதான் திரும்பணும். ஒண்ணு கூடிச்சுன்னா நம்ம மூணு தலையும் போயிடும்” என்று எச்சரித்தான் ராடோ.

கோட்டை முற்றத்தில் தேன் பீப்பாய்களை இறக்கும்போதே அவள் அவனைப் பார்த்துவிட்டாள். மெலிந்திருந்தான். மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மண்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். வாய் திறந்தது. வெறும் காற்றுதான் வந்தது. மதில் கட்டையொன்று சரிந்து கிழித்த தழும்பு, தொண்டையின் குறுக்கே.

வியாபாரி உள்ளதைத்தான் சொல்லியிருந்தான். தப்பாகக் கேட்டது ஊரும் அவளும்தான்.

“வீட்டுக்கு வர்றீங்களா?”

அவன் தலையாட்டியதை நிறுத்தவே இல்லை.

ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டிய காலிப் பீப்பாய் ஒன்றைக் களஞ்சியத்தின் பின்னால் மிலோஸ் உருட்டி வந்தான். அண்ணனை உள்ளே திணித்து மூடியை அழுத்தினான். வாசலில் காவலன் மறித்தான். ஈட்டிக் காம்பால் தட்டினான். காதை வைத்துக் கேட்டான்.

தேன் வாசனைக்குக் குளவிகள் மொய்த்தன. மூடி இடுக்கில் ஒவ்வொன்றாய் உள்ளே நுழைந்தன. எந்த மனிதனும் அலறியிருப்பான். பீப்பாயிலிருந்து சத்தமே இல்லை. கடைசியில் ஒரு குளவி காவலனின் மூக்கைப் பதம் பார்த்தது. அவன்தான் அலறினான். போய்த் தொலையுங்கள் என்று கையை வீசினான்.

நடு ஆற்றில் மூடியைத் திறந்தார்கள். வீங்கிப்போன முகத்தைப் பார்த்து டோப்ரா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

கரையில் ஊரே ஓடிவந்தது. தோளில் தூக்கினார்கள். அங்கே என்ன சாப்பாடு, அடித்தார்களா, எப்படி வந்தாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் டோப்ராவைப் பார்த்தான்.

“அவரு பேசமாட்டாரு” என்றாள் அவள். “நீங்க பேசுங்க. நம்ம பேச்சைக் கேட்டு எத்தனை நாளாச்சு அவருக்கு.”

அவனைத் தோளிலிருந்து இறக்கினார்கள். பிறகு யாரோ ஒருத்தி, தன் பசு கன்று போட்டதைத் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தாள். பிரிபோர் கண்களை மூடிக்கொண்டு நின்றான்.